உள்தையல்

சந்தையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சோதனைச்சாவடி. என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். நான் டீ வாங்க நகர்ந்ததும் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. இந்தக் கதையில் நான் நல்லவளாக வரப்போவதில்லை, அதனால் எதையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

சந்தை என்றதும் காய்கறிக் கூடைகளை நினைக்க வேண்டாம். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நாற்பது மேசைகள் போடுவோம். தன் கையால் பொருள் செய்கிறவர்கள் மட்டும்தான் உட்காரலாம். மண் கோப்பை, மரக்கரண்டி, மெழுகுவர்த்தி, பின்னிய தொப்பி, கம்பியை வளைத்துச் செய்த காதணி என்று எல்லாம் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் வாங்கத்தான் வருகிறார்கள் என்று சொல்ல முடியாது. கோப்பையின் அடியில் செய்தவரின் கட்டைவிரல் பதிந்திருந்தால், அதன்மேல் தங்கள் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்த முகங்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவர்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான், சந்தை தொடங்கிய வருடமே நான் ஒரு விதியை எழுதினேன்: மோட்டார் தொட்ட பொருள் மேசை ஏறக் கூடாது.

விதியைக் காக்க மூன்று பேர் கொண்ட குழு. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தலைவர். மரக்கரண்டி செதுக்குவதால் அவரைக் கரண்டிக்காரர் என்போம். மெழுகுவர்த்தி வார்க்கும் டீச்சர் ஒருவர். மூன்றாவது ஆள், துணிப்பை தைக்கிற நான். புதிதாக மேசை கேட்பவர் தன் பொருளில் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்களில் ஒருவர் அதை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் புழங்கி, திருப்பிப் பார்த்து, மோந்துகூடப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தையல் என்று வந்துவிட்டால் தீர்ப்பு என்னுடையது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து நல்ல பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, இனிமேல் உன்னிடமிருந்து ஒருத்தரும் தப்ப முடியாது என்று கிண்டலடித்தார்.

அப்படி ஒரு வாரத்துக்கு என் வீட்டுக்கு வந்ததுதான் அந்தத் தோல் பை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். பழுப்பு நிறம். பூ வேலை, மினுக்கு எதுவும் கிடையாது. ஓரம் சுற்றி ஒரே வரித் தையல், லேசாகச் சாய்ந்து, அச்சடித்த மாதிரி. முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படியே. ஒரு விரல்கடை தூரத்துக்குள் எத்தனை தையல் என்று எண்ணினேன். ஆறு. வேறொரு இடத்தில் எண்ணினேன். ஆறு. கைப்பிடி சேருகிற மூலையில், எல்லோருக்கும் கை தடுமாறும் இடத்தில் எண்ணினேன். அங்கேயும் ஆறு.

முதலில் வந்தது பொறாமைதான். அதன் பின்னாலேயே ஒரு நிம்மதி வந்தது. மனுஷக் கைக்கு இது வராது, ஆகவே இது மெஷின் என்று முடிவுகட்டினேன். கையால் செய்ததென்றால் எங்காவது ஓரிடத்தில் கை பிசகியிருக்க வேண்டும், அந்தப் பிசகுதான் அழகு என்று வருகிறவர்களிடமெல்லாம் மேடை போடாத குறையாகப் பேசியவள் நான். பிசகே இல்லாத பொருளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தனை சீக்கிரம் முடிவுகட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் வீட்டுப் பின்னறையில் ஒரு மின்சாரத் தையல் மெஷின் இருக்கிறது.

மூன்று வருடம் முன்பு என் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கியது. ஊசியைப் பிடித்தால் முழங்கை வரை சுரீர் என்று இழுக்கும். அந்த மாதத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு ஒரு பையின் உள்தையலை மெஷினில் ஓட்டினேன். அப்புறம் எல்லாப் பைக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. வலிக்கிறது, உள்ளே மட்டும் மெஷின் போடுகிறேன், விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்டிருந்தால் கரண்டிக்காரர் உடனே தலையாட்டியிருப்பார். விதியை எழுதியவளே போய் அதைக் கேட்க எனக்கு நா எழவில்லை. உள்தையல் தெரியாதபடி நாடா வைத்து மூடினேன். பையின் வாய் ஓரத்தில் மட்டும் ஒரு வரி கையால் போடுவேன். அதில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே கோணலாக்குவேன். வாங்க வருகிறவர்கள் அந்தக் கோணலைத் தடவி, இதில் உயிர் இருக்கிறது என்பார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துவைப்பேன்.

வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். மெஷின் ஓடும் நேரத்தில் யாராவது வந்துவிட்டால் என்ன சொல்ல என்று ஒரு தடவை கேட்டார். நான் சுள்ளென்று விழுந்தேன். அதற்கப்புறம் மெஷின் சத்தம் கேட்டால் அவராகவே எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். மூன்று வருடமாக அந்த ஜன்னலைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஆக, நான் செய்வதைத்தான் அந்தத் தோல் பைக்காரரும் செய்கிறார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே. ஒரு வித்தியாசம்தான், கோணல் போட்டு மறைக்கும் சாமர்த்தியம்கூட அவருக்கு இல்லை என்று வேறு நினைத்தேன். 'மெஷின் தையல், ஏற்பதற்கில்லை' என்று சீட்டு எழுதிப் பையோடு திருப்பி அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சந்தைக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில், மெஷின் தையலைக் கைத்தையல் என்று சொல்லி உள்ளே நுழையப் பார்க்கிறார்கள், தோல் வேலை செய்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று போட்டேன். நாற்பது பேரில் முப்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சந்தை நாளில், கதவு திறக்க இன்னும் அரை மணி இருக்கும்போது, ஒரு அம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத தடித்த விரல்கள். நான் திருப்பியனுப்பிய பை அவர் கையில் இருந்தது.

"இதைப் பாத்தது நீங்கதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் குரல் உயரவில்லை.

"செயற்கைக் கால் செய்யற பட்டறையில, அதை மாட்டிக்கட்டற தோல் வார் தைக்கிறேங்க. இருபத்தெட்டு வருஷமா. அங்க கைத்தையல் மட்டும்தான் போடணும். நீங்க எழுதினது எப்படியோ அங்க வந்துடுச்சு. போன திங்கக்கிழமை எங்க மேலாளர் நான் தைச்ச வாரையெல்லாம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இத்தனை வருஷத்துல யாரும் அப்படிப் பாத்தது இல்ல. மேசை கிடைக்கலன்னா போகட்டும். இது மெஷின்னு எதை வச்சு சொன்னீங்க, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

அந்த இடத்திலேயே நான் உட்காரச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் என் கண் தப்பாகப் பார்த்துவிட்டது என்று ஆகிவிடக் கூடாதே. அதனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன்:

"கைத்தையல் இவ்வளவு ஒரே சீரா வராதும்மா. ஒரு தையலை வெட்டி இழுத்தா வரிசையா பிரிஞ்சு வந்துடும். மெஷின் தையலோட லட்சணமே அதுதான்."

அது எனக்கு நன்றாகத் தெரியும். என் மெஷின் போட்டதை நானே எத்தனையோ தடவை பிரித்திருக்கிறேன். இந்த ஞானம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கூடத்தில் யாரும் கேட்கவில்லை.

அவர் என் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளலாமா என்று கையாலேயே கேட்டார். பிறகு பையின் ஓரத்தில், நட்டநடு இடத்தில் ஒரு தையலை வெட்டினார். இரண்டு பக்கத் தோலையும் பிடித்து இழுத்தார். ஒன்றும் நகரவில்லை. இரண்டு தையல் தள்ளி இன்னொன்றை வெட்டினார். அதற்கும் தள்ளி இன்னொன்றை வெட்டினார். மூன்று நாள் வேலையாவது அதில் இருக்கும். வெட்டும்போது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. பையை என்னிடம் நீட்டினார்.

"இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். வரவில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தேன். அது பிரிந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு மனுஷியின் உழைப்பு என் கண்ணெதிரே பிய்ந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தோல் என் கட்டைவிரலை அழுத்தி வலித்ததுதான் மிச்சம்.

அதற்குள் அருகே வந்துவிட்ட கரண்டிக்காரர் கேட்க, அந்த அம்மாள் விளக்கிச் சொன்னார். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் ஒரு ஊசி அந்தப் பக்கமிருந்தும் இன்னொன்று இந்தப் பக்கமிருந்தும் போகும். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். நடந்துகொண்டிருக்கும்போது ஒருவரின் கால் கழன்றுவிடக் கூடாது, அதற்காக வந்த தையல் அது. ஆனால் இத்தனை சீராக எப்படி என்று டீச்சர் வியந்துபோய்க் கேட்டார்.

"ஒரு தையல் தூக்கி நின்னாலும் மாட்டிக்கறவங்களுக்கு அந்த இடத்துல புண்ணாகிடும். அதனால தூக்காம போடணும். வேற ஒண்ணும் இல்லீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிசகுதான் அழகு என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள், கோணலை அளந்து வைத்துத் தைப்பவள். எதிரே நின்றவர், முகம் தெரியாத ஒருவரின் தோல் உரியக் கூடாது என்று இருபத்தெட்டு வருடம் கையைப் பழக்கி வைத்திருக்கிறார். அந்தப் பையை ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தும் நான் தையலை எண்ணினேனே தவிர, அதில் ஒரு கையைப் பார்க்கவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

தவறாக நினைத்துவிட்டேன் என்று மென்று முழுங்கினேன். வாட்ஸப் குழுவில் இப்போதே எழுதிவிடுங்கள் என்றார் கரண்டிக்காரர். எழுதினேன்: 'சிறு புரிதல் பிழை ஏற்பட்டது. தோல் பை ஏற்கப்பட்டது.' யாருடைய பிழை என்று அதில் இல்லை. அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, இது எங்கள் மேலாளருக்குப் புரியுமா என்று மட்டும் கேட்டார். கரண்டிக்காரர் என்னைப் பார்க்காமல் தன் போனை எடுத்து, 'பை சுத்தமான கைத்தையல். தவறு எங்களுடையது' என்று தானே எழுதினார். எங்களுடையது என்று அவர் போட்டதில் என் பங்கு பாதி குறைந்துவிட்டதாக எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது.

தொப்பி பின்னுகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் என் பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதையே அந்த அம்மாளுக்குக் கொடுத்தார்கள்; காட்டுவதற்கென்று ஒரு பெட்டியில் இன்னும் சில பைகளையும் அவர் கொண்டுவந்திருந்தார். அதற்குள் அவருக்கு வார்க்காரம்மா என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் சந்தையில் பெயர் வைப்பதற்கு நேரம் ஆகாது. கத்தரிக்கோலைத் திருப்பி வைக்க வந்தவர் என் பைகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். தையல்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான், உள்பக்கத்தைத் திருப்பினார். மூடிய நாடாவின் மேல் அவர் கட்டைவிரல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் போயிற்று. மூலையில், நாடா முடிந்து கொஞ்சமாகத் தையல் எட்டிப்பார்க்கும் இடத்தில், விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையை நேராகத் திருப்பி, பிடியை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கூடம் நிறைய ஆள் இருந்தது, எல்லோரும் அவர் பக்கம் இருந்தார்கள், ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை. வந்தவர்களுக்குப் பைகளைக் காட்டிக்கொண்டும், கேட்டவர்களுக்கு இரண்டு ஊசித் தையலைப் போட்டுக் காட்டிக்கொண்டும் இருந்தார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கையில் தானே தைத்த சிறிய பென்சில் பை ஒன்று வைத்திருந்தாள், தையல் முழுக்க மேடும் பள்ளமுமாக. கைத்தையல் பழகுகிறேன், ஆறு மாதம் ஆகிறது, இன்னும் கை படியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பைகளில் நீலத்தை எடுத்துப் பார்த்தாள். பழகுகிறவள் இல்லையா, நேரே மூலைக்குப் போய் நாடாவை விரலால் ஒதுக்கி, உள்தையலைக் கண்டுபிடித்துவிட்டாள். இது கையாலா என்று நம்ப முடியாமல் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், இதெல்லாம் தெரிந்தவர் என்ற மரியாதையில் பக்கத்து மேசைக்கே பையை நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா, இது கைத்தையல்தானா?"

வார்க்காரம்மா பையைத் தொடவில்லை.

"தைச்சவங்க இங்கதானே இருக்காங்க. அவங்களையே கேளும்மா" என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கதவு திறந்து விட்டிருந்தது. உள்ளே மட்டும் மெஷின்மா, கை வலி என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தப் பெண் சரி என்று சொல்லியிருப்பாள், ஒருவேளை அப்படியும் வாங்கியிருப்பாள். நாலு மேசை தள்ளி டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா, கைத்தையல்தான்" என்றேன். "காலையில இவங்க தன் பையை வெட்டியே காட்டினாங்க, பழகினா கைக்கு இவ்வளவு சீரா வரும்."

அதைச் சொல்லும்போதே என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மாள் தன் பையை வெட்டி நிரூபித்ததை நான் என் பொய்க்கு முட்டாகக் கொடுத்துவிட்டேன். நேற்று வரை அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தப் பெண் நம்பினாள். முகமெல்லாம் மலர்ந்து, இதையே பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகுகிறேன், இந்த மாதிரி வரும்வரை விடப்போவதில்லை என்று சொல்லிப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். வார்க்காரம்மா தலை குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோக்க வெகுநேரம் ஆயிற்று.

மாலையில் மேசைகளை மடிக்கும்போது கரண்டிக்காரர் எல்லோரையும் கூப்பிட்டார். இன்று நடந்ததிலிருந்து நாம் பாடம் படிக்க வேண்டும், இனி தையலைப் பார்க்க வார்க்காரம்மாவும் குழுவில் இருக்கட்டும் என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வார்க்காரம்மா கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"வேணாங்க" என்றார். "பாத்தா சொல்லிடணும், அதுதானே அந்த வேலை. இன்னைக்கு ஒரு நாள் சொல்லாம இருந்ததே எனக்குத் தொண்டையில நிக்குது."

யாருக்கும் புரியவில்லை. எதைச் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டார். வார்க்காரம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் குனிந்து தன் பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். காலையில் என்னால் அவர் தன் பையையே வெட்டிக் காட்ட வேண்டி வந்தது. மறுபடியும் என்னால்தான் அவருக்குக் கிடைத்த ஒரு மரியாதையை வேண்டாம் என்று சொல்கிறார்.

"என் பைங்கதான் மெஷின் தையல்" என்றேன். "உள்ள முழுக்க. மூணு வருஷமா."

தொலைவில் யாரோ சிரித்தார்கள், சோதனைச்சாவடி வேடிக்கை செய்கிறாள் என்று. யாரும் கூடச் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கியது. எந்தெந்தப் பை என்று டீச்சர் கேட்டார். எல்லாமே என்றேன். கரண்டிக்காரர் மடித்த மேசையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"விதி நீங்க எழுதினதும்மா" என்றார். அவ்வளவுதான்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, என் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வார்க்காரம்மா போகும்போது நின்று, வரேங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒருவர்தான் சொன்னார்.

அந்தப் பென்சில் பைப் பெண் யார், எங்கே இருக்கிறாள் என்று வாசல் வரை போய் எல்லோரிடமும் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. இப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து, என் பையின் மூலையைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஊசியை எடுத்திருப்பாள். போடுவாள், வராது. பிரித்துவிட்டு மறுபடி போடுவாள். அது ஒரு நாளும் அவளுக்கு வராது. அதைப் போட்டது கையே இல்லை. அது தெரியாமல், தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள்.